பறவைக்குப் பின்னால் இருப்பது: வாசகர் கேள்வி – பதில்

காட்டுயிர்ப் படங்கள் தொடர்பாக இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படத்தின் பின்னணியைப் பற்றியும் சட்டக அமைப்பைப் பற்றியுமே கேட்டிருக்கின்றன. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) ஆள்காட்டிக் குருவியும் கௌதாரியும் நிறைய உண்டு. என்னிடம் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவும் 70–300 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப்/5.6 வரை முழுவதும் திறந்து எடுத்தாலும், பின்னால் இருக்கும் புல்லும் கல்லும் தெளிவாகத் தெரிந்து, பறவை அவற்றுக்குள் புதைந்துபோகிறது. எஃப்/2.8 லென்ஸ் வாங்கினால்தான் பின்னணி மங்குமா?
— பள்ளி ஆசிரியர், காங்கேயம்

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் பறவையின் முதுகு நன்றாகத் தெரிகிறது. அவை நின்றுகொண்டு எடுத்தவை என்பதற்கு அதுவே சாட்சி. குறை லென்ஸில் இல்லை, கேமராவை வைத்த உயரத்தில்தான் இருக்கிறது. இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். ஆசிரியர் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் விட்டமுள்ளது என்பது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் லென்ஸில் 300-ஐ 5.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54 மி.மீ. வருகிறது. இரண்டாவது, பறவைக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள தொலைவு, கேமராவிலிருந்து பின்னணி வரை உள்ள மொத்தத் தொலைவில் எத்தனை பங்கு என்பது. அந்தப் பங்கை 54-ஆல் பெருக்கினால், பின்னணியில் இருக்கும் ஒரு புள்ளி, பறவையின் அளவில் பார்க்கும்போது எத்தனை மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக விரியும் என்பது தெரிந்துவிடும்.

ஆள்காட்டி பத்து மீட்டர் தொலைவில் நிற்கிறது, அதன் தலை தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நின்றபடி 1.5 மீட்டர் உயரத்தில் கேமராவைப் பிடித்தால், கேமராவிலிருந்து பறவையின் தலை வழியாகச் செல்லும் பார்வைக்கோடு, பறவைக்கு ஒன்றரை மீட்டர் பின்னாலேயே தரையில் முட்டிவிடுகிறது. மொத்தத் தொலைவு 11.5 மீட்டர், அதில் 1.5 மீட்டர் பங்கை 54-ஆல் பெருக்கினால் 7 மி.மீ. மட்டுமே. புல்லின் தாள் கொஞ்சம் தடித்துத் தெரியுமே தவிர, கரையாது. இனி அதே இடத்தில் குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, 30 செ.மீ. உயரத்தில் கேமராவை வைத்துப் பாருங்கள். அதே கோடு இப்போது பறவையைத் தாண்டி இருபது மீட்டர் ஓடியபின்தான் தரையைத் தொடும். முப்பதில் இருபது பங்கு. 54-ஆல் பெருக்கினால் 36 மி.மீ. ஐந்து மடங்கு கூடிவிட்டது. நீங்கள் வாங்க நினைக்கும் 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை நின்றபடி பயன்படுத்தினால் திறப்பு 107 மி.மீ. ஆகி, வட்டம் 14 மி.மீ. ஆகும், அதாவது இரண்டு மடங்குதான். பல லட்சம் ரூபாய் இரண்டு மடங்கு தருகிறது. தரையில் படுப்பது ஐந்து மடங்கு தருகிறது. முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகும் ஆசை இருந்தால் லென்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

படுத்த நிலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேமராவுக்கும் பறவைக்கும் இடையே இருக்கும் புல்லும் மங்கி, படத்தின் அடிப்பகுதியில் மெல்லிய திரைபோலப் படரும். அது பறவையின் கால்களை மறைக்கும் அளவுக்கு ஏறினால் அரை அடி பக்கவாட்டில் நகருங்கள். தரையை மட்டும் தழுவி நின்றால் விட்டுவிடுங்கள், அழகாகவே இருக்கும். கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில் இந்தத் திரை வைக்கோல் நிறத்திலும், ஐப்பசி மழைக்குப் பிறகு இளம்பச்சையிலும் அமையும். கௌதாரியின் உடல் நிறம் காய்ந்த புல்லோடு ஒன்றிப்போவதால், அதற்கு மழைக்குப் பிந்தைய மாதங்கள் நல்லவை. தொலைவில் கிளுவை வேலி இலையோடு இருக்குமானால், அதன் கரும்பச்சையைப் பறவையின் தலைக்கு நேர் பின்னால் கொண்டுவந்து வையுங்கள்.

கோடையில் காலை ஒன்பது மணிக்குமேல் இந்த வேலை வேண்டாம். சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் தரைமட்டத்தில்தான் அதிகமாக இருக்கும். படுத்து எடுப்பவர் முழுவதும் அதன் ஊடாகவே பார்க்க வேண்டியிருப்பதால், ஃபோகஸ் சரியாக இருந்தும் இறகுகள் குழைந்தே தெரியும். படுக்க முடியாதவர்கள், கேமராவின் திரை மடங்கக்கூடியதாக இருந்தால், உட்கார்ந்தபடியே கேமராவை மட்டும் தரைக்குத் தாழ்த்தலாம். நெருஞ்சியும் தேளும் உள்ள நிலம் என்பதால் விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது, காட்டுக்குள் குப்புறக் கிடப்பவரைப் பார்த்தால், “என்னங்க ஆச்சு, மயக்கமுங்களா?” என்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வருவார்கள், பறவை பறந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. கூழாங்கற்களோடு கலந்துவிடும் அந்த முட்டைகள் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பறவை விடாமல் கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு மேலே சுற்றினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

நஞ்சராயன் குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் எடுக்கிறேன். பின்னணி மங்கலாகத்தான் வருகிறது. ஆனாலும் படத்தில் ஏதோ ஒன்று கண்ணை உறுத்துகிறது. என்னவென்று சொல்ல முடியவில்லை.
— பின்னலாடை நிறுவனப் பணியாளர், திருப்பூர்

உறுத்துவது வெள்ளை. உங்கள் நாரைப் படத்தின் வலது மேல்மூலையில், அக்கரையில் இருக்கும் ஒரு கட்டடத்தின் சுவர் வெளுத்த திட்டாகப் பரவியிருக்கிறது. மங்கல் ஒரு பொருளின் விளிம்பை அழிக்குமே தவிர, அதன் வெளிச்சத்தை அழிக்காது. கூர்மையாக இருந்தபோது சிறியதாக இருந்த வெள்ளை, மங்கியபின் இன்னும் பரந்து இடம்பிடிக்கும். பார்ப்பவரின் கண் படத்தில் மிக வெளிச்சமான இடத்துக்கே முதலில் போகும் என்பதால், நாரைக்குக் கிடைக்க வேண்டிய முதல் பார்வை சுவருக்குப் போய்விடுகிறது. 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட குளம் என்றாலும், அது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் குளம். சுவரும் கம்பமும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னணியில் நுழையத்தான் செய்யும்.

இதற்கு மருந்து பக்கவாட்டில் நகர்வது. நாரை 20 மீட்டரிலும் கட்டடம் 200 மீட்டரிலும் இருந்தால், நீங்கள் கரையில் ஒரு மீட்டர் இடப்பக்கம் நகரும்போது, நாரைக்குப் பின்னால் அமையும் இடம் அக்கரையில் ஒன்பது மீட்டர் வலப்பக்கம் தள்ளிப்போகும். இரண்டு மூன்று எட்டு வைத்தால் சுவர் விலகி, கருவேல மரத்தின் இருட்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆகவே குளக்கரையில் ஒரு பறவையைக் கண்டதும் ஷட்டரை அழுத்தாமல், அதன் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று அக்கரை நெடுகப் பார்த்து, எந்த நிறம் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற இடத்தில் நில்லுங்கள். குளத்துப் பறவைகள் பெரும்பாலும் அதற்கு அவகாசம் தரும்.

சட்டக அமைப்பிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லாப் படங்களிலும் பறவை நட்டநடுவே இருக்கிறது. நடுவில் இருக்கும் ஃபோகஸ் புள்ளியை மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிகிறது. புள்ளியைப் பக்கத்துக்கு நகர்த்தி, பறவை பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். நீரில் பிம்பம் விழுந்தால் அதை முழுவதும் எடுங்கள், அல்லது முழுவதும் விட்டுவிடுங்கள். கழுத்தளவில் வெட்டப்பட்ட பிம்பம் பிழையாகவே தோன்றும். அக்கரையின் கோடு பறவையின் கழுத்தின் குறுக்கே போகக் கூடாது. கூட்டமாக நிற்கும் கூழைக்கடாக்களில், ஒன்றின் அலகு மற்றொன்றின் உடலுக்குள் செருகியதுபோல் தெரியும் நேரத்தில் எடுக்காமல், தலைகள் பிரியும் வரை காத்திருங்கள். இருண்ட பின்னணியில் நிற்கும் வெள்ளைப் பறவை வெளுத்துப்போகாமல் இருக்க, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

செல்பேசியின் போர்ட்ரெய்ட் வசதியைக் கொண்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் படம் எடுக்கலாமா?
— இல்லத்தரசி, ஈரோடு

எடுக்கலாம், ஆனால் அந்த மங்கல் லென்ஸால் உண்டாவது அன்று, மென்பொருள் வரைவது. செல்பேசியின் முதன்மை லென்ஸுக்கு 4 மி.மீ. அளவுதான் திறப்பு இருக்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால், பறவை இருக்கும் தொலைவில் அது எதையும் கரைக்காது என்பது புரியும். மென்பொருளுக்குக் கொண்டலாத்தியின் கொண்டையும் கொக்கின் மெல்லிய இறகும் பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாதவை, பாதியைத் தின்றுவிடும். செல்பேசியால் நன்றாக எடுக்கக்கூடியது வேறு ஒன்று உண்டு: மாலையில் ஏரியும் மரங்களும் வந்து இறங்கும் கூட்டமும் ஒருசேரத் தெரியும் அகலமான காட்சி. அதை எடுங்கள்.

தென்னந்தோப்பில் மயில் எடுக்கிறேன். 150–600 லென்ஸை 600-இல் வைத்து எஃப்/6.3-இல் எடுத்தால் பின்னணி பிரமாதமாகக் கரைகிறது. ஆனால் மயிலின் கண் தெளிவாக இருந்தால் மார்பும் தோகையும் மங்குகின்றன. எஃப்/11-க்குப் போனால் பின்னணி கெட்டுவிடுகிறது. என்ன செய்வது?
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பத்து மீட்டர் தொலைவில், கிராப் சென்சார் கேமராவில், 600 மி.மீ. எஃப்/6.3 தரும் தெளிவின் ஆழம் (முன்பின்னாகத் தெளிவாகத் தெரியும் பகுதி) ஏறக்குறைய 7 செ.மீ.; எஃப்/11-இல் அது 12 செ.மீ. ஆகும். தோகையோடு சேர்த்து இரண்டு மீட்டர் வரை நீளும் பறவை உங்களை நோக்கி நடந்து வரும்போது, 7 ஆனாலும் 12 ஆனாலும் போதாது. ஐந்து செ.மீ. கூடுதலுக்காகப் பின்னணியை இழப்பது நட்டம். அப்பர்ச்சரைத் தொடாமல், மயில் பக்கவாட்டாகத் திரும்பும் வரை காத்திருங்கள். கண், கழுத்து, முதுகு, தோகை எல்லாம் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் அமையும்போது, அதே 7 செ.மீ. பெரும்பகுதியை உள்ளடக்கிவிடும். நேராக வரும்போதுதான் எடுக்க வேண்டும் என்றால், தலையையும் கழுத்தையும் மட்டும் நெருக்கமாக எடுத்து, மற்றவை கரைவதை ஏற்றுக்கொள்ளுங்கள். கண் தெளிவாக இருக்கும் வரை படம் நிற்கும்.

தோப்பில் இன்னொரு தொல்லை உண்டு. கீற்றுகளின் இடுக்கில் தெரியும் வானம், மங்கலில் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்களாகச் சிதறி, படம் முழுவதும் பொரி இறைத்ததுபோல் ஆகிவிடும். கேமராவைத் தாழ்த்தும்போது வானம் அதிகமாக நுழையும் என்பதால், தோப்பில் மட்டும் காங்கேயம் ஆசிரியருக்குச் சொன்னதை அப்படியே செய்யாமல், மயிலின் கண்மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தென்னை மரத்தின் தண்டு மயிலின் தலைக்கு நேர் மேலே முளைத்து நிற்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வால்பாறையில் சோலைமந்தியையும் (சிங்கவால் குரங்கு) ஆழியாறு மலைப்பாதையில் வரையாட்டையும் எடுத்திருக்கிறேன். இரண்டிலும் பின்னணியை நன்றாக மங்கச் செய்திருக்கிறேன். நண்பர்கள் பாராட்டினாலும், மிருகக்காட்சிச் சாலையில் எடுத்ததுபோல் இருக்கிறது என்று என் அக்கா சொல்கிறாள்.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் அக்கா சொல்வது சரி. வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், சாலையோரச் சுவர் மேலேயே அவை வந்து நிற்பதுண்டு. மனிதருக்குப் பழகியவை என்பதால் நெருங்கியும் எடுக்க முடிகிறது. அந்த நெருக்கத்தில் 300 மி.மீ. லென்ஸால் எடுக்கும்போது, பின்னால் பச்சையும் நீலமுமாக ஒரு குழம்பு மட்டுமே மிஞ்சுகிறது. எந்த மலையில், எத்தனை உயரத்தில், எப்படிப்பட்ட பாறை விளிம்பில் அந்த ஆடு நிற்கிறது என்பதுதானே அதைத் தமிழ்நாட்டின் மாநில விலங்காக்கிய வாழ்க்கை? லென்ஸைக் கழற்றி, 24 அல்லது 35 மி.மீ. போட்டு, எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து, ஆட்டைச் சட்டகத்தின் ஒரு மூலையில் நிறுத்தி, கீழே ஆழியாறு அணையும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் தெரியும்படி எடுத்துப் பாருங்கள். விலங்கு சிறிதாகத் தெரிவதற்குப் பயப்பட வேண்டாம். அதன் உருவம் வானத்திலோ மூடுபனியிலோ தனியாக வெட்டித் தெரிந்தால் போதும்.

மங்கல் வேண்டாத இடம் எது என்று எப்படி முடிவு செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: பின்னணி அந்த உயிரைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா? கிளுவை வேலியின் பச்சை ஆள்காட்டியைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, ஆகவே கரையலாம். சோலைமந்தி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் மழைக்காட்டில் வாழும் விலங்கு. புதுத்தோட்டம் பகுதியில் அவை சாலையைக் கடக்க மரங்களுக்கிடையே பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் நடக்கும் மந்தியையும் கீழே போகும் சாலையையும் ஒரே படத்தில் வைத்தால், அதன் நிலைமை முழுவதும் அந்தப் படத்தில் வந்துவிடும்.

சோலைமந்தியில் ஒளிச் சிக்கலும் இருக்கிறது. கருத்த உடல், இருண்ட காடு, இலைகளின் இடுக்கில் பளீரென்ற வானம். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) 3200 வரை தயங்காமல் ஏற்றி, ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். கேமரா கருப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். பிறகு படத்தைக் கணினியில் ஒருமுறை கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். மந்தியின் உருவம் அப்போதும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் ஒளி சரியாக அமைந்திருக்கிறது. கலந்துவிட்டால், வண்ணப் படத்தில் பச்சை நிறம் குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் காலத்துப் படங்களில் விலங்கைக் காட்டிலிருந்து பிரித்துக் காட்ட ஒளியும் நிழலும் மட்டுமே இருந்தன என்பதை நினைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தால், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முகத்தை நேராகப் பார்க்க வைப்பதற்காக மந்திக்கு வாழைப்பழம் நீட்டும் வழக்கம் வால்பாறையில் கண்கூடு. அப்படி எடுத்த படத்தை இந்தப் பகுதிக்கு அனுப்ப வேண்டாம்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது வண்டியை நிறுத்தி யானை எடுக்கலாமா? எவ்வளவு தொலைவு பாதுகாப்பானது?
— சரக்கு வண்டி ஓட்டுநர், சத்தியமங்கலம்

நிறுத்தக் கூடாது, ஆகவே தொலைவைப் பற்றிய கேள்வியே எழவில்லை. அது புலிகள் காப்பகத்தின் நடுவே போகும் சாலை. காப்பகத்துக்குள் படமெடுக்க, 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து, அதுவும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து, எடுக்கவே வேண்டாம்.

மின்கம்பியில் உட்காரும் பனங்காடையை எத்தனையோ முறை எடுத்துவிட்டேன். எப்போதும் வெளுத்த வானத்தில் கருத்த பறவைதான் கிடைக்கிறது. இன்னும் நெருங்கிப் போனால் சரியாகுமா?
— விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

நெருங்கினால் இன்னும் கெடும். கம்பி ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீங்கள் பத்து மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள் என்றால், லென்ஸ் 24 பாகை மேல்நோக்கி நிற்கும்; பின்னால் வானத்தைத் தவிர வேறு எதுவும் வராது. முப்பது மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கினால் அது எட்டு ஒன்பது பாகையாகத் தாழ்ந்துவிடும். பறவை சிறிதாகும், உண்மைதான். ஆனால் பின்னணி வெகுதொலைவுக்குப் போய்விடுவதால் மங்கலுக்குக் குறைவிருக்காது. நம் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பது இங்கே உதவிக்கு வரும். கம்பி பள்ளத்தில் ஓடும் இடமாகப் பார்த்து, நீங்கள் மேட்டில் நின்றுகொண்டால், பறவை உங்கள் கண்மட்டத்துக்கே வந்துவிடும். அதன் பின்னால் வானத்துக்குப் பதிலாக எதிர்மேட்டின் செம்மண்ணோ சோளக்காடோ அமையும். பனங்காடையின் நீலம் செம்மண் முன்னால் நிற்பதுபோல் வேறெங்கும் நிற்காது. சிறகை விரிக்கும் தருணத்துக்குக் காத்திருப்பவர் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றி வைத்திருக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் முயல்வதாக இருந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் கம்பியே ஊஞ்சலாடும். ஃபோகஸ் புள்ளி பறவையைத் தவறவிட்டு எதிர்மேட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கம்பத்தை ஒட்டி உட்காரும் பறவையைத் தேடுங்கள். கம்பியின் நடுப்பகுதி ஆடும் அளவுக்கு அந்த இடம் ஆடாது.